ஒரு நாளைக்குப் பதினாறு கொய்யா

“பதினாறு” என்றேன். போனில் வந்த கேள்விக்கு அதுதான் பதில்.

பேசியது திவ்யா. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் முதலுதவி அறையில் நான் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நர்ஸ். செக்கிங் பகுதிப் பெண்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருகிறார்களாம். உன் எடைக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிராம் புரதம் வேண்டும் என்று போன் சொல்கிறதாம். நாற்பத்தெட்டு, ஐம்பது கிலோ இருக்கும் பெண்ணுக்கு ஏறக்குறைய நாற்பது கிராம். பருப்பு பிடிக்கவில்லை, முட்டை நாறுகிறது, பழத்திலேயே அதை முடித்துவிட முடியாதா என்பது அவர்கள் கேள்வி.

“பழத்துலயே எதுலக்கா புரோட்டீன் ஜாஸ்தி?” என்று திவ்யா கேட்டாள். கொய்யா என்றேன். “அப்ப எத்தன சாப்பிட்டாப் போதுங்க?” என்றாள். அதற்குத்தான் பதினாறு என்றேன்.

“புஸ்தகம் பாக்காம எப்படிங்கக்கா டக்குனு சொல்றீங்க?”

ஒரு காலத்தில் இந்தக் கணக்கை என் கையாலேயே கரும்பலகையில் எழுத வேண்டி வந்தது, அதுவும் வெட்கப்பட்டுக்கொண்டு எழுத வேண்டி வந்தது, அதனால் மறக்காது என்றேன். என்ன கதை என்று விடாமல் நச்சரித்தாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதியே தந்துவிடுகிறேன்.

நர்சிங் படிப்பு, அரசு மருத்துவமனைப் பயிற்சி, வார்டில் வாங்கிய திட்டுகள் எல்லாம் எல்லோருக்கும் உள்ளவைதான். அதன் பிறகு மண்ணரையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் எட்டு வருடம். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள், இத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் நர்ஸ் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று கெடுபிடி செய்யத் தொடங்கியபோது நான் கம்பெனிக்கு வந்தேன். எனக்கு ஒரு அறை, ஒரு கட்டில், கண்ணாடி அலமாரி, வாசலில் ஒரு கரும்பலகை கொடுத்தார்கள். ஊசி ஏறிய விரல், தலைவலி, மாதவிலக்கு வயிற்றுவலி இவைதான் அன்றாட வியாதிகள். சும்மா இருக்க மாட்டாத கை எனக்கு. திங்கட்கிழமைதோறும் அந்தப் பலகையில் ஒரு ஆரோக்கியக் குறிப்பு எழுதுவேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் மேனேஜர் பெயர் நாச்சிமுத்து. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன லென்ஸ். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் ‘ங்க’ ஏறும். “பாத்துப் பண்ணுங்க” என்றால் சாதாரணம். “ஏனுங்க, கொஞ்சம் பாத்துப் பண்ணக் கூடாதுங்களா, சொல்லுங்க, உங்களைத்தானுங்க” என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒருமையில் ஒருவரையும் அவர் பேசியதில்லை. கம்பெனிக்குள் நுழைந்துவிட்ட நாயைக்கூட “வெளிய போங்க” என்றுதான் விரட்டுவார்.

அவருடைய கோயில் செக்கிங் பகுதி. தைத்து முடித்த பீஸ்கள் அங்கேதான் வரும். டியூப் லைட் வெளிச்சத்தில் நீள மேசை. பெண்கள் வரிசையாக நின்று, பீஸை உட்புறம் திருப்பி, கழுத்து, தோள், கை, அடிமடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே வருவார்கள். ஓட்டை, நூல் விட்டது, எண்ணெய்க் கறை என எது இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிப் போடவேண்டும். சாப்பாட்டு இடைவேளை முடிந்து அவர்கள் திரும்பி வரும்போது மேனேஜரே வாசலில் நிற்பார்.

“கையக் காட்டுங்க கண்ணு.”

ஒவ்வொருத்தியும் இரண்டு கைகளையும் நீட்டுவாள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண் என்று பார்த்து, “பாஸுங்க” என்பார். நகத்தில் மஞ்சள் தெரிந்தால் மறுபடி சோப்புப் போடச் சொல்வார். காரணம் எளியது. சாம்பாரும் குழம்பும் பிசைந்து தின்ற கையில் மஞ்சள் போகவே போகாது. கழுவிய கை உலர்ந்த பிறகும், வேர்வை பட்டால் வெள்ளைத் துணியில் ரேகை விழும்.

அந்த வருடம் கம்பெனிக்கு வந்தது கைக்குழந்தைச் சட்டை ஆர்டர். அத்தனையும் பால் வெள்ளை. நான்கு மாதம் வேறு நிறமே கண்ணில் படவில்லை. மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? அந்த நான்கு மாதமும் தானே குழம்பைத் தொடவில்லை. தயிர்ச்சோறும் கொய்யாப்பழமுமாக ஓட்டினார். பெண்களிடம் குழம்பு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் இலையைப் பார்த்துவிட்டு, கூச்சப்பட்ட பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குழம்பைக் குறைத்தார்கள். ஸ்பூன் வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். அது இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ஸ்பூனை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் கையால் பிசைந்தார்கள். ஸ்பூனில் தின்றால் தின்ற மாதிரியே இல்லையாம்.

கொய்யா அமராவதி நகர்ப் பக்கம் இருந்த அவருடைய அண்ணன் தோட்டத்திலிருந்து கூடை கூடையாக வந்தது. மாலை டீ நேரத்தில் ஆளுக்கு ஒன்று. கறை படியாது, எண்ணெய் இல்லை, நாற்றம் இல்லை. வாழைப்பழத்துக்கு மட்டும் தடை. அதன் கறை துணியில் பட்டால் துணி கிழியும்வரை இருக்கும் என்பார். “பழத்துல இல்லாத சத்து எதுலீங்க சிஸ்டர் இருக்குது? நீங்க அத போர்டுல எழுதிப் போடுங்க” என்று என்னிடம் சொன்னார்.

எழுதினேன். இன்றைக்கும் வரி மறக்கவில்லை. ‘பழங்களில் புரதச்சத்து மிகுந்தது கொய்யா. புரதம் உடலை வளர்க்கும், புண்ணை ஆற்றும். தினமும் கொய்யா உண்போம்.’ சுற்றி ஒரு கொடி வரைந்து இரண்டு கொய்யாப்பழமும் போட்டேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பழங்களுக்குள் கொய்யா முதலாவதுதான். ஆனால் மொத்த வகுப்பும் ஃபெயிலான பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் போன்ற முதலிடம் அது. எவ்வளவு என்பதை நான் எழுதவில்லை. புத்தகத்தில் இருந்தது. பார்க்கச் சோம்பல்.

எஸ்தர் என் அறைக்கு வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமம். பத்தொன்பது வயது, கம்பெனி விடுதியில் இருந்தாள். ஊசி முனை அளவு ஓட்டையைக்கூட அவள் கண் தப்பவிடாது. மேனேஜரே தன் லென்ஸை அவளிடம் கொடுத்து, “உங்களுக்கு இது வேண்டியதில்லீங்க அம்மிணி, இருந்தாலும் வெச்சுக்கங்க” என்றாராம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மெடல் வாங்கியவள் தோற்றாள்.

நூல் வெட்டும் கத்திரி இடது ஆள்காட்டி விரலில் பட்டிருந்தது. அரை அங்குலம்கூட இல்லை. கழுவி, மருந்து வைத்து, கட்டுப் போட்டு, தடுப்பூசியும் போட்டு அனுப்பினேன். ஒரு வாரத்தில் ஆறும் காயம். பத்து நாள் ஆயிற்று, வாய் மூடவில்லை. பதினைந்து நாள் ஆயிற்று, அப்படியே இருந்தது. சீழ் இல்லை, சூடு இல்லை. ஆனால் ஓரம் வெளுத்துப்போய், நேற்றுப் பட்ட காயம் மாதிரி திறந்தே இருந்தது. மருந்தை மாற்றினேன். கட்டும் முறையை மாற்றினேன். தினமும் காலையில் பிரித்துப் பார்ப்பேன். ஒரு சின்னக் கத்திரி வெட்டு என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

கட்டுப் போட்ட விரலோடு வெள்ளைப் பீஸைத் தொட முடியாது. ஒரு சொட்டு ரத்தம் போதும். மேனேஜர் என் அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த எஸ்தரை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

“சிஸ்டருங்க, புள்ளைக்கு வேற ஏதாச்சும் சீக்குங்களா? அவங்க அப்பனுக்குச் சொல்லி ஊருக்கு அனுப்பிப் போடலாமுங்களா? நம்ம கைல இருக்கறப்ப ஒண்ணு ஆயிப்போச்சுன்னா என்னுங்க பண்றது?”

கல் நெஞ்சுக்காரர் பேச்சில்லை அது. பயந்தவர் பேச்சு. ஆனால் கதவுக்குப் பின்னால் எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, அனுப்பிராதீங்கக்கா. எங்கப்பா அனுப்பவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாவ. நாந்தான் மூணு நாளு சாப்பிடாம கெடந்து வந்தேன். இப்ப சீக்கோட போய் நின்னேன்னா பெறகு வாசல்படி தாண்ட விடமாட்டாவ. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுக்கா. இந்த மேசை வேலைதான் எனக்கு நல்லா வருது.”

மேனேஜரிடம் போய் நின்றேன். மூன்று வாரம் கொடுங்கள், என் அறையிலேயே உட்கார்ந்து ஸ்டிக்கர் வெட்டட்டும் என்றேன். லென்ஸ் இல்லாத சட்டைப் பையை இரண்டு தரம் தடவினார். “மூணு வாரங்க. அதுக்குள்ள ஆறலீன்னா நீங்களே பஸ் ஏத்தி உட்ருங்க” என்றார்.

மறுநாள் அவளைப் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை இல்லை. ரத்தம் குறைவு. ரத்தத்தில் புரதமும் குறைவு. டாக்டர் அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுத்தார். வீங்கிய காலில் குழி அப்படியே நின்றது. நான் தினமும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், காலைப் பார்க்கவில்லை. “இந்தப் பொண்ணு என்ன சாப்பிடுதுன்னு பாருங்க சிஸ்டர்” என்றார் டாக்டர். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அறைக்கு வந்து, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். “நேத்து எந்திரிச்சதுல இருந்து என்ன சாப்பிட்டே கண்ணு? ஒண்ணு விடாமச் சொல்லோணும்.”

காலையில் இரண்டு இட்லி, சீனி தொட்டு. மதியம் கொய்யாப்பழம் மூன்று. மாலையில் கம்பெனிக் கொய்யா. இரவு விடுதியில் மோர்ச்சோறு.

“குழம்பு?”

“தொட மாட்டேன்க்கா.”

“ராத்திரிகூடவா?”

“ராத்திரி தின்னாலும் காலைல நகத்துல இருக்கும்லா.”

பிறகு தன் பையிலிருந்து ஒரு குழந்தைச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். நெஞ்சுப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, மஞ்சளாக, மருதாணி வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. ஆர்டர் தொடங்கிய முதல் மாதத்தில் பையருடைய ஆள் பெட்டியைப் பிரித்தபோது அது அகப்பட்டிருக்கிறது. அந்த லாட் முழுவதையும் திரும்பப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். மேசை எண்ணை வைத்து அவளுடையது என்று தெரிந்தது. மேனேஜர் திட்டவில்லை. “பாத்துப் பண்ணுங்க அம்மிணி” என்று மட்டும் சொல்லி, ரிஜக்ட் ஆன பீஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவள் குழம்பை விட்டாள். குழம்பை விட்டால் பருப்பு போயிற்று. முட்டை விடுதியில் முட்டைக் குழம்பாகத்தான் வரும், அதுவும் போயிற்று. மீன் தின்று வளர்ந்த ஊர்க்காரி, மீன் குழம்பு வைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாளாம்.

“ஏன் சாமி, இப்படி வெறும் பழத்தத் தின்னா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? புண்ணு எப்படி ஆறும்?” என்று சத்தம் போட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “நீங்கதானக்கா போர்டுல எழுதிப் போட்டிய? கொய்யால புரதம் இருக்கு, புண்ண ஆத்தும்னு. அதான் வெரல்ல வெட்டுனதுல இருந்து ரெண்ட மூணாக்கிட்டேன்.”

அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய் அலமாரியிலிருந்து நர்சிங் புத்தகத்தை எடுத்து, தூசியைத் தட்டி, அட்டவணையைத் தேடினேன். நூறு கிராம் கொய்யாவில், அதாவது ஒரு நடுத்தரப் பழத்தில், இரண்டரை கிராம் புரதம். வாழைப்பழத்தில் ஒன்று. எஸ்தர் எடைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய நாற்பதை இரண்டரையால் வகுத்தேன். வாசலுக்குப் போய், கொடியும் பழமும் போட்டிருந்த என் முத்தான எழுத்துக்குக் கீழே எழுதினேன். ‘வேண்டிய புரதத்தைக் கொய்யாவில் மட்டும் பெற வேண்டுமானால் ஒரு நாளைக்குப் பதினாறு பழம். ஆகவே கொய்யா மட்டும் போதாது. இதை முன்பே எழுதாதது நர்சின் தவறு.’

பின்னால் வந்து நின்ற எஸ்தர் வாய்விட்டு வாசித்தாள். “பதினாறா? வயிறு வெடிச்சிரும்லாக்கா!” என்று சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி வேலை கேன்டீனில். சமையல்காரப் பாப்பாத்தியக்காவிடம் மஞ்சள்தூள் போடாமல் சாம்பார் வைக்க முடியுமா என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“மஞ்சத்தூளில்லாமச் சமைக்கறது எழவூட்டுக்குங்க. இத்தன புள்ளைங்க நல்லா இருக்கோணும்னு நெனைக்கறவ நானு. என்ற கையால அத வெக்க மாட்டனுங்க.”

அது அவருடைய நம்பிக்கை, அதை உடைக்க எனக்கு வாய் வரவில்லை. “சுண்டலுக்கு மஞ்சள் வேணுங்களா?” என்றேன். யோசித்தார். “சுண்டலுக்கு எதுக்குங்க?” “அவிச்ச முட்டைக்கு?” “என்ன சிஸ்டர், வெளயாடறீங்களா?” அவ்வளவுதான். கொண்டைக்கடலை ஒரு நாள், தட்டப்பயறு ஒரு நாள், பச்சைப்பயறு ஒரு நாள், கூடவே ஆளுக்கு ஒரு அவித்த முட்டை என்று அங்கேயே முடிவாயிற்று. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை ஐந்து கொய்யாவுக்கு மேல் ஆயிற்று. முட்டை இரண்டுக்கு மேல். மீதிக்குச் சோறும் இட்லியும் தயிரும் இருந்தன. கொய்யாவையும் நிறுத்தவில்லை. பயற்றில் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது துணை செய்யும். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

மேனேஜர்தான் மிச்சம். “சுண்டல்ல எண்ணெய் இருக்குதுங்களே, கடுகு தாளிப்பாங்களே, முட்ட நாறுமுங்களே” என்று ‘ங்க’ ஏறிக்கொண்டே போயிற்று. நான் வாதாடவில்லை. மறுநாள் மதியம் செக்கிங் வாசலில், அவர் கண்ணெதிரே, ஒரு கிண்ணம் சுண்டலைக் கையால் அள்ளித் தின்றேன். முட்டையை உரித்துத் தின்றேன். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு அவர் முன்னால் கைகளை நீட்டினேன். மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் பார்த்தார். நகக்கண்ணைப் பார்த்தார். ஒரு வெள்ளைப் பீஸை எடுத்து என் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிறகு அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். லென்ஸுக்காகச் சட்டைப் பைக்குக் கை போயிற்று, அது எஸ்தரிடம் இருந்தது. அவளே ஓடிவந்து நீட்டினாள். அப்போதுதான் அவளுடைய கட்டுப் போட்ட விரலை அவர் அருகில் பார்த்தார். 

“குழம்பு திங்காமத்தானுங்களா இப்படி ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க. நீங்க திங்காததப் பாத்துத்தானுங்க எல்லாப் புள்ளைங்களும் கொறச்சாங்க. மிச்சம் நான் எழுதுன போர்டு.”

அவர் நேராகக் கேன்டீனுக்குப் போனார். எல்லோரும் பார்க்க உட்கார்ந்து ஒரு கிண்ணம் சுண்டலும் இரண்டு முட்டையும் தின்றார். அன்று சாயங்காலம் அவர் மனைவி எனக்குப் போன் செய்து, “நாலு மாசமா ஊட்டுல ஒரு கொழம்பு வெச்சாத் திங்க மாட்டீங்கறாரு, இன்னைக்குத்தான் வாயத் தொறந்து கேட்டாருங்க, நீங்க நல்லா இருக்கோணுங்க” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதல் வாரம் விரலில் மாற்றமே இல்லை. நான் தூங்கவில்லை. மேனேஜர் தினமும் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பாப்பாத்தியக்கா எஸ்தர் கிண்ணத்தில் மட்டும் கடலையைக் குவித்து வைப்பார். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை காலை கட்டைப் பிரித்தபோது, வெளுத்திருந்த ஓரம் ரோஜா நிறமாகியிருந்தது. “எஸ்தரு, பாரு!” என்று கத்தியே விட்டேன். மூன்றாம் வாரம் சனிக்கிழமை காயம் மூடிவிட்டது. கால் வீக்கம் வடிய இன்னும் நாள் பிடித்தது. ஆனால் திங்கட்கிழமை அவள் மேசைக்குப் போனாள். வாசலில் நின்றவர் அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “பாஸுங்க” என்றார். 

எஸ்தர் அதன் பிறகு ஊருக்குப் போனது கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான். செக்கிங் பகுதிக்கே பொறுப்பாளராக ஆனாள். எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மண்ணரையில் வீடு பிடித்தார்கள்.

சில வருடம் கழித்து ஒரு ஆயுத பூஜை நாள். அன்றைக்கு எங்கள் கம்பெனிக்குக் குடும்பத்தோடு வரலாம். மெஷினுக்கெல்லாம் சந்தனம், மாலை. கேன்டீனில் எல்லோருக்கும் இலை போட்டுச் சாப்பாடு. எஸ்தர் தன் ஒரு வயதுக் குழந்தையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை போட்டிருந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சுப் பக்கத்தில், மங்கிப்போய், ஒரு கட்டைவிரல் ரேகை.

“இத்தன நாளு வச்சிருந்தியா கண்ணு?”

“இவளுக்குன்னே வச்சிருந்தேன்க்கா.”

பாப்பாத்தியக்கா பருப்புச்சோற்றை நெய் விட்டுப் பிசைந்து குழந்தைக்கு வைத்தார். அது ஊட்டவே விடவில்லை. தானே இரண்டு கையாலும் அள்ளி, வாயில் கொஞ்சம், சட்டையில் மீதி என்று தின்றது. கொஞ்ச நேரத்தில் பழைய கறை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்த மேனேஜர் எங்கள் முன்னால் நின்றார். பூஜைக்கென்று கட்டிய புது வேட்டி, புதுச் சட்டை. குழந்தையின் சட்டை அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியாது. குனிந்து, வழக்கமான குரலில், “கையக் காட்டுங்க கண்ணு” என்றார்.

குழந்தை மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்த இரண்டு கைகளையும் நீட்டியது. தூக்கு என்கிறது என்று நினைத்து அவர் தூக்கிக்கொண்டார். அது தன் ஐந்து விரலையும் அவர் வெள்ளைச் சட்டையில், வழக்கமாக லென்ஸ் வைக்கும் பையின்மேல், நன்றாக அழுத்திப் பதித்தது. எஸ்தர் பதறி எழுந்தாள். சுற்றி இருந்த பெண்கள் அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மேனேஜர் தலை குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். எஸ்தரின் விரலில் இருந்த வெள்ளைத் தழும்பைப் பார்த்தார். பிறகு குழந்தையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

“பாஸுங்க.”